சாவிக்கு அடங்காத வண்டி

எங்கள் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், வண்டிகள் வந்து திரும்பும் இடத்தைப் பார்த்தபடி இருந்தது. யார் எதில் வந்து இறங்குகிறார்கள் என்று நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வண்டி மட்டும் தன் வரவைத் தானே சொல்லிவிடும். முதலில் வாசனை வரும். அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு வறுவலின் வாசனை. அதற்குப் பின்னால் கடகடவென்று என்ஜின் சத்தம். உப்பையும் தண்ணீரையும் அளந்து அளந்து வாழும் நோயாளிகள் படுத்தபடியே மூக்கை உயர்த்துவார்கள். "வறுவல் வண்டி வந்தாச்சு" என்று யாராவது ஒருவர் சொல்வார்.

அதை ஓட்டியவரை எல்லோரும் டிரைவரக்கா என்றே கூப்பிட்டோம். ஐம்பதைத் தொடும் வயது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பள்ளிக்கூடம் மூடியதும் ஒரு பழைய டீசல் காரை வாங்கி, நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் குடியிருப்பிலிருந்து எங்களிடம் நோயாளிகளைக் கூட்டிவரத் தொடங்கினார். அந்த மேட்டுக்கு பஸ் கிடையாது. வாரத்தில் மூன்று முறை வந்தே ஆகவேண்டிய இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தனியாக இருந்தார், ஒரே மகள் தூர ஊரில். இன்னொருவர் தையல்காரர், நாற்பது வயது, மனைவியும் பிள்ளைகளும் உண்டு.

நான் அந்தப் பிரிவில் நர்ஸ். நடந்ததில் பாதியை நான் பார்த்தேன். மீதியை டிரைவரக்காவே ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லக் கேட்டேன்.

அந்த வருஷம் டீசல் கிடைக்காமல் போனது. கப்பல் வரவில்லை என்றார்கள். வந்தும் இறக்கவில்லை என்றார்கள். பங்க்குகளின் முன்னால் வண்டிகள் தெருவைச் சுற்றி நின்றன. வண்டிக்குள்ளேயே தூங்கி, அங்கேயே பல் தேய்த்தார்கள். கொஞ்ச நாளில் வரிசையும் குறைந்துபோனது. நின்றும் பிரயோஜனமில்லை என்று ஜனங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாலைகள் அப்படி வெறிச்சோடியதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கூட்டமாக நின்று சண்டை போட்டபோதுகூட அவ்வளவு பயமாக இல்லை.

டிரைவரக்காவின் கணவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். மெலிந்த உருவம், ஓயாத வேடிக்கைப் பேச்சு. டேங்க்கில் டீசல் அடிமட்டத்துக்குப் போன அன்று மனைவி சமையலறையில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்க, அவர் தோளில் துண்டோடு வந்து எதிரே குந்தினார்.

"கேன்டீன்ல தினமும் ஒரு பெரிய டின் எண்ணெய் பொரிச்சுட்டுக் கீழ ஊத்துறோம். உன் வண்டி பழைய வண்டிதானே? அது குடிக்கும்."

"என்னங்க சொல்றீங்க? சமையல் எண்ணெயில காரா?"

"மனுஷனே அதைத் தின்னுட்டு ஓடுறான். அது ஓடாதா?"

"விளையாடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை போகலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் சொன்னது வெறும் வேடிக்கையில்லை. கேன்டீன் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர், இப்படி ஓடும் வண்டியைத் தன் கண்ணால் பார்த்தவர், கூடவே வந்து வேலை செய்தார். டிக்கியில் இரண்டாவதாக ஒரு டேங்க் வைத்தார்கள். கெட்டியான எண்ணெய் இளகுவதற்காக, ரேடியேட்டரின் சுடுதண்ணீர் போகும் செப்புக் குழாயை அதற்குள் சுருட்டிவிட்டார்கள். டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு வால்வு. கிளப்பும்போது கொஞ்சம் டீசல். என்ஜின் சூடானதும் வால்வைத் திருப்பினால் எண்ணெய். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் டீசலுக்கு மாற்றி, குழாயைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் உள்ளேயே உறைந்து, மறுநாள் வண்டி அசையாது. எங்கெங்கோ கெஞ்சி வாங்கிய ஒரு கேன் டீசலில் பல வாரம் ஓட்டலாம் என்று ஆனது.

வீட்டின் பின்னால் இருந்த குளியலறை வடிகட்டும் இடமாகிவிட்டது. மேலே ஒரு டிரம், கீழே ஒரு டிரம், நடுவில் பழைய ஜீன்ஸ் கால்களைத் தைத்து உண்டாக்கிய நீளமான பைகள். அவற்றைத் தைத்துக் கொடுத்தவர் தையல்காரர்தான். பைகளின் நுனியிலிருந்து எண்ணெய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். தரை, சுவர், கதவுக் கைப்பிடி எல்லாம் பிசுபிசுத்தன. டிரைவரக்கா குளிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"என் பொண்டாட்டி குளிக்கலைன்னா பரவாயில்ல, கார் குளிக்கணும்" என்று கணவர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. காலியான சாலையில் அந்த ஒரு வண்டி மட்டும் வறுவல் வாசனையை இழுத்துக்கொண்டு ஓடியது. நடந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். போஸ்ட்மாஸ்டர் முன் சீட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டே வருவார்.

"ஐயா, மூக்கை வெளிய நீட்டாதீங்க, புகை" என்பார் டிரைவரக்கா.

"ஏம்மா, திங்கத்தான் கூடாதுன்னாங்க. மோந்து பாக்கவும் கூடாதுன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

பின்சீட்டில் தையல்காரர் சிரிப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். வாழ்நாள் முழுக்க மிஷின் சத்தத்தோடு இருந்தவர். ஓடும் எதையும் காதால் கேட்டுக்கொண்டே வருவார்.

பற்றாக்குறை டீசலோடு நிற்கவில்லை. சமையல் எண்ணெயும் கிடைப்பது அரிதானது. கேன்டீனில் ஒருமுறை பொரித்துவிட்டுக் கொட்டிய எண்ணெயை இப்போது மூன்றாவது நாள், நான்காவது நாள் என்று திரும்பத் திரும்பக் காய்ச்சினார்கள். கணவர் கொண்டுவரும் டின்னில் எண்ணெய் வர வரக் கறுத்தது. தேன்போல் இருந்தது தார்போல் ஆனது. வடிகட்டும் பைகள் சீக்கிரமே அடைத்துக்கொண்டன. பின்னால் வரும் புகையின் வாசனையும் மாறியது. வறுவலின் மணம் போய், அடிப்பிடித்த சட்டியின் காந்தல் வந்தது. எங்கள் நோயாளிகள் இப்போது ஜன்னலை மூடச் சொன்னார்கள்.

ஒருநாள் காலையில் டிரைவரக்கா பானெட்டைத் திறந்து, என்ஜின் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். பழைய வண்டிகள் ஆயிலைக் குடிக்கும். அளவு குறைந்துகொண்டே வரும், அவ்வப்போது ஊற்றவேண்டும். அன்று குறையவில்லை. மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. அவர் ஊற்றவே இல்லை. விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். பசைபோல நூல் இழுத்தது.

"ஏங்க, ஆயில் கூடியிருக்கு."

"கூடினா நல்லதுதானே. மத்தவன் வண்டியெல்லாம் குடிக்குது, உன் வண்டி கறக்குது."

"எப்படிங்க தானா கூடும்?"

"மேட்டுல நிறுத்தியிருப்ப. ஒருபக்கமா சாஞ்சு காட்டும். போ, நேரமாச்சு."

அவர் சொன்ன விதத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது. ஆனால் குச்சியை மனைவி கையிலிருந்து வாங்கி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். டிரைவரக்கா அதைக் கவனித்தார். நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் பார்த்தபோது அளவு சரியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சாய்வில் நிறுத்தியதுதான் காரணம் என்று அவரும் மனசைத் தேற்றிக்கொண்டார். மெல்ல மெல்லக் குச்சியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வேறொன்று ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பி அணைத்தால், என்ஜின் உடனே நிற்காமல் இரண்டு சுற்று கூடுதலாக ஓடியது. இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் இருமுவதுபோல ஒரு குலுக்கல். பிறகு நின்றது.

தையல்காரர் இறங்கப்போனவர் அப்படியே உட்கார்ந்தார். "அக்கா, இன்னொரு தடவை கிளப்பி அணைங்க."

கிளப்பி அணைத்தார். அதே குலுக்கல்.

"நான் கால எடுத்தப்புறமும் மிஷின் ஒரு தையல் கூடப் போட்டா, ஊசில கை வைக்க மாட்டேன் அக்கா. எனக்கு இது பிடிக்கல."

"பழைய வண்டி தம்பி. வயசானா எல்லாருக்கும் பேச்சு நிக்காது. ஐயாவையே பாருங்களேன்."

போஸ்ட்மாஸ்டர், "என்னை ஏம்மா இழுக்கிற" என்றார். மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்ததை நான் பார்த்தேன். டிரைவரக்கா மட்டும் வாசலில் நின்று, அணைந்த வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது பின்னால் வந்து நிற்பதுபோல உணர்ந்தால் திரும்பிப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

என்னிடம் பிறகு சொன்னார்: "அன்னிலேருந்து தூக்கம் போச்சு சிஸ்டர். படுத்தா காதுல அந்த ரெண்டு சுத்து கேக்கும். நிறுத்திடலாமான்னு தோணும். நிறுத்தினா இவங்க எப்படி வருவாங்க? பயத்தையும் கூடவே ஏத்திக்கிட்டு ஓட்டினேன்."

அந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் ஒரு உத்தரவு போட்டார்கள். ஆட்கள் வந்துபோக வண்டி இல்லை என்பதால், எல்லோரும் உள்ளேயே தங்கி வேலை பார்க்கவேண்டும். சமையல்காரரும் உள்ளேதான். எண்ணெய் டின்களை மட்டும் கேட்டில் கொடுத்தனுப்பினார். அங்கே தங்குவதற்காக வீட்டிலிருந்து கிளம்பிய அன்று வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. மெதுவாப் போ. மேட்டுல இழுக்காத."

"எப்பவும் மெதுவாத்தானே போறேன்."

"அதான். அப்படியே போ."

அவர் போய் வாரங்கள் ஆயின. நிறுத்தும்போது வரும் குலுக்கல் நீண்டது. இரண்டு சுற்று என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அளவுக்கு ஆனது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரில் போட்டுக் கிளட்சை விட்டு, என்ஜினைத் திணறடித்து நிறுத்த டிரைவரக்கா பழகிக்கொண்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்தில் ஒரு லாரி டிரைவர் தன் வண்டி அடங்காமல் போன கதையைச் சொல்லி, இப்படித்தான் கழுத்தை நெரித்து நிறுத்தினேன் என்று சொன்னது நினைவில் இருந்தது.

அந்த நாளில் டயாலிசிஸ் முடிந்து இருவரையும் நான்தான் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து ஏற்றிவிட்டேன். டயாலிசிஸ் முடிந்தவர்களுக்குக் கால் துணியாகத் துவளும். ஊசி எடுத்த இடத்தில் கட்டுப் போட்டிருக்கும். அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது. போஸ்ட்மாஸ்டர் முன்னால், தையல்காரர் பின்னால். வெயில் கொளுத்தியது. வண்டி கிளம்பியபோது பின்னால் வந்த புகை கறுப்பாக இல்லை. வெள்ளையாக, தரையோடு தவழ்ந்தது. குளிர்நாட்களில் அப்படி வரும். அன்று குளிர் எங்கே இருந்தது?

நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும் சாலை ஒரு நீண்ட ஏற்றம் ஏறி, பிறகு வளைந்து வளைந்து இறங்கும். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுக் கல்சுவர், அதற்குக் கீழே காய்ந்த புல் சரிவு. ஏற்றம் முடிந்ததும் டிரைவரக்கா வழக்கம்போல ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி வேகம் குறையவில்லை.

மிதி மாட்டிக்கொண்டது என்று நினைத்து, செருப்பு நுனியை அடியில் கொடுத்து மேலே தூக்கினார். மிதி ஏற்கெனவே மேலேதான் இருந்தது. என்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. யாரோ பக்கத்திலிருந்து மிதிப்பதுபோல, அவசரமில்லாமல், சீராக ஏறியது.

"ஏம்மா, இறக்கத்துல எதுக்கு இவ்வளவு வேகம்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நான் மிதிக்கல ஐயா."

வால்வை டீசலுக்குத் திருப்பினார். மாறவில்லை. சாவியை அணைத்தார். டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தன, சத்தம் அணையவில்லை. சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பது அந்த நிலையிலும் ஞாபகம் இருந்தது, கையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் சாலையே இல்லை, வெள்ளைச் சுவர் ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, கியரை எடுத்துடாதீங்க" என்று தையல்காரர் கத்தினார்.

அதற்குள் பழக்கத்தில் கால் கிளட்சை அழுத்திவிட்டது. சுமை விட்டுப்போனதும் என்ஜின் ஊளையிட்டது. உலோகம் அழும் சத்தம் அது என்றார் என்னிடம். பற்கள் கூசின. கிளட்சை விடவும் முடியாமல், பிரேக்கில் ஏறி நின்று, வளைவுக்கு முன்னால் கல்சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார். நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது. என்ஜின் நிற்கவில்லை. பானெட் தடதடவென்று துள்ளியது.

"இறங்குங்க! ரெண்டு பேரும் இறங்குங்க!"

போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவர், எழ முடியாமல் அப்படியே சரிந்தார். டிரைவரக்கா சுற்றி ஓடி வந்து ஒரு தோளைப் பிடித்தார். இன்னொரு தோளைத் தையல்காரர் பிடித்தார். எந்தக் கையால் பிடிக்கக்கூடாதோ அந்தக் கையால். பத்தடி இழுத்துப் போயிருப்பார்கள். அதற்கு மேல் போஸ்ட்மாஸ்டருக்குக் கால் வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை விட்டுட்டுப் போங்க. நான் இங்கயே இருக்கேன்."

டிக்கியில் ஒரு டேங்க் நிறையச் சூடான எண்ணெய். சுவருக்கு அப்பால் காய்ந்த புல். தையல்காரரின் கட்டிலிருந்து ரத்தம் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. இவர்களைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அப்படியென்றால் அதை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று டிரைவரக்காவுக்குப் புரிந்தது.

திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தார். "உள்ள ஏறினப்போ சீட்டு சூடா இருந்துச்சு சிஸ்டர். ஏதோ உயிருள்ள மிருகத்து மேல உக்காந்த மாதிரி. அது என்னை அடையாளம் கண்டுக்கிச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

கிளட்சை அழுத்தி நாலாவது கியரில் போட்டார். வலது காலால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். இடது காலைச் சட்டென்று எடுத்தார். வண்டி முன்னால் பாய்ந்து கல்சுவரில் மோதியது. கருகல் நாற்றம். ஊளை கீழே இறங்கி முனகலானது. மறுபடி ஏறப்பார்த்தது. அவர் பிரேக்கை விடவில்லை. இரும்புச் சட்டியைக் கிணற்றில் போட்டதுபோல உள்ளே ஒரு பெரிய சத்தம் கேட்டது. அத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது.

நீர்த்தேக்கத்தின் மேல் பறவைகள் கத்துவது கேட்டது. சாலையில் ஒரு ஈ காக்காய் இல்லை. டிரைவரக்கா தையல்காரரின் கையில் ரத்தம் வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்க, மூவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாயத் தொடங்கிய பிறகு பால்கேன் கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்தார். அவர் போய்ச் சொல்லி, மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஆட்கள் காய்கறித் தள்ளுவண்டியோடு வந்து இருவரையும் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரேக்கை மிதித்த கால் ஏதோ தன்னுடையதில்லை என்பதுபோல, டிரைவரக்கா அதை இழுத்து நொண்டியபடி பின்னாலேயே நடந்தார்.

சேதி கேட்டு மறுநாள் கணவர் தொழிற்சாலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். கூட ஃபிட்டரும் வந்தார். இருவரும் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கறுத்த எண்ணெய் சரியாக எரியாமல், பிஸ்டன் ஓரமாக வழிந்து, என்ஜினின் அடியில் ஆயிலோடு கலந்து சேர்ந்திருக்கிறது என்றார் ஃபிட்டர். அளவு மீறியதும், என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் வழியாக அந்தக் கலவையையே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அதற்கு டேங்க் வேண்டாம், சாவி வேண்டாம், டிரைவரும் வேண்டாம்.

"கொஞ்ச நாளா அளவு ஏறியிருக்கணுமே. பாக்கலையா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

டிரைவரக்கா கணவரைப் பார்த்தார். "ஒரு தடவைதான் ஏறினது. அப்புறம் சரியாயிடுச்சே?"

அவர் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை.

"சரியாகல. நான்தான் இறக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"அடியில திருகைக் கழட்டி, கூடின ஆயிலை. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி. வாரா வாரம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துடுவ. ஓட்டமாட்ட. ஓட்டலன்னா அவங்க ரெண்டு பேரு..." அவர் கதவுக் கைப்பிடியின் பிசுக்கைத் துண்டால் துடைத்தார். "பயப்படாம ஓட்டட்டும்னு நெனச்சேன்."

"நான் பயந்துட்டுத்தான் ஓட்டினேன். எதுக்குப் பயப்படணும்னு தெரியாம பயந்தேன்." அவர் குரல் உயரவில்லை. "ஃபேக்டரிக்குப் போறப்போவாவது சொல்லியிருக்கலாமே. வாசல்ல நின்னீங்களே."

"வாய் வரல. இத்தனை நாளா மறைச்சதை எப்படிச் சொல்றதுன்னு..."

கல்யாணமான நாள்முதல் அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். வீட்டில் எது கெட்டாலும் ஓசைப்படாமல் சரிசெய்துவிட்டு, கெட்டதே தெரியாமல் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கூரை ஒழுகியது, பூட்டு உடைந்தது, தனக்கு நெஞ்சு வலித்து டாக்டரிடம் போனது என்று பல சங்கதிகள் அதற்கப்புறம்தான் டிரைவரக்காவுக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

இருவரும் சண்டை போட்டுக்கொள்ள அப்போது நேரமில்லை. அடுத்த டயாலிசிஸ் நாள் வந்தது. வண்டி எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு கட்டில்களைத் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தோம். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸும் டீசல் இல்லாமல் கூரைக்கடியில் நின்றது. அதற்கடுத்த நாளும் யாரும் வரவில்லை. போஸ்ட்மாஸ்டருக்கு முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரிக்கு மட்டும் நகராட்சி டீசல் கொடுத்துவந்தது. ஆள் ஏற்றக்கூடாது என்பது விதி. அது தண்ணீர் இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரைவரக்கா சாலை நடுவில் போய் நின்றார்.

"வழிய விடு அக்கா. என் வேலை போயிடும்" என்றார் லாரிக்காரர்.

"ஏத்திக்க. இல்ல, என் மேல ஏத்திட்டுப் போ."

லாரிக்காரர் முன்னும் பின்னும் சாலையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். போஸ்ட்மாஸ்டரை நான்கு பேர் சேர்ந்து உயரமான கேபினுக்குள் தூக்கி வைத்தார்கள். தையல்காரரும் கூடவே ஏறிக்கொண்டார். "இதுல வாசனையே இல்லையேம்மா" என்றாராம் போஸ்ட்மாஸ்டர், மூச்சு வாங்க வாங்க.

எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் உதடுகள் நீலமாக இருந்தன. நுரையீரல் முழுக்கத் தண்ணீர். மிஷினில் போட்டோம், தீவிர சிகிச்சைக்கு மாற்றினோம், எங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தோம். அவர் திரும்பவில்லை. தையல்காரர் பிழைத்துக்கொண்டார்.

போஸ்ட்மாஸ்டரின் மகள் வழியெல்லாம் வண்டி மாறி மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டிரைவரக்காவும் கணவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மகள் அழுது ஓய்ந்திருந்தார். வந்தவர்களை உட்காரச் சொன்னார். நேராகவே கேட்டார்.

"அன்னிக்கு உங்க வண்டி நல்லா இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரா அக்கா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஏதேதோ சொல்ல வாயெடுத்தார்கள். வயசாச்சும்மா, விதிம்மா, அந்த வண்டி இல்லைன்னா போன மாசமே. டிரைவரக்கா அவர்களை முந்திக்கொண்டார்.

"இருந்திருப்பாரும்மா."

மகள் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் கணவன் மனைவிக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான்.

டீசல் ஒருவழியாக வந்து, சாலைகளில் மறுபடி நெரிசல் வந்த பிறகு, எங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று ஒரு வேன் வாங்கியது. டிரைவரக்காதான் ஓட்டுகிறார். தினமும் காலையில் கிளம்புமுன் வேனைச் சுற்றிவந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். நோயாளிகள் கிண்டல் செய்தாலும் அவசரப்படமாட்டார். வேனை அணைத்த பிறகும் சாவியைக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

சென்ற மாதம் ஒருநாள் அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது, கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். கதவு, ஜன்னல் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. சமையல் எதுவும் ஆகவில்லை.

"என்னங்க, வெளிய உக்காந்திருக்கீங்க?"

"கேஸ் அடுப்புல லேசா வாடை வருது. டியூப் எங்கயோ விட்டிருக்கு போல. சிலிண்டரை மூடிட்டேன்."

"எப்போலேருந்து?"

"சாயங்காலத்துலேருந்து. நானே மாத்திடலாம்னு டியூப் வாங்கப் போனேன். பாதி வழியில திரும்பி வந்துட்டேன். நீ வந்ததும் சொல்லிட்டு மாத்தலாம்னு உக்காந்திருக்கேன்."

டிரைவரக்கா பையைக் கீழே வைத்தார். உள்ளே எட்டி மூக்கை இழுத்துப் பார்த்தார். வாடை இன்னும் இருந்தது. சுவிட்ச் பக்கம் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தள்ளி உக்காருங்க" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாடை போகும்வரை இருவரும் இருட்டிய வீட்டைப் பார்த்தபடி அங்கேயே இருந்தார்கள்.